எந்த வரியில நின்னீங்க?

என்னுடைய முதல் கணக்கு நோட்டை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். சிங்கப்பூரில், பிராஸ் பசா காம்ப்ளெக்ஸ் பாப்புலர் புத்தகக் கடையில் வாங்கிய நீல அட்டை நோட்டு. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் இப்படித்தான் இருக்கும்: "திங்கள், 2 மணி நேரம், அத்தியாயம் 3. புதன், ஒன்றரை மணி நேரம், பயிற்சி 3.2. சனி, 5 மணி நேரம், நன்றாகப் போனது." ஏழு வாரம் ஒரு நாள் விடாமல் எழுதியிருக்கிறேன். எட்டாவது வாரம் ரியல் அனாலிசிஸ் (மெய்யெண்களையும் சார்புகளையும் நிரூபணத்தோடு ஆராயும் கணிதப் பாடம்) இடைத்தேர்வு வந்தது. நூற்றுக்கு 31.

அந்த 31-ஐப் பார்த்துவிட்டு நோட்டைப் புரட்டினேன். ஏழு வாரத்தில் 74 மணி நேரம் படித்திருப்பதாகக் கணக்குச் சொன்னது. எங்கே தவறு நடந்தது என்று மட்டும் அந்த நோட்டில் ஒரு வரிகூட இல்லை.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பலதுறைத் தொழிற்கல்லூரியில் டிப்ளோமா, தேசிய சேவை, அப்புறம் துவாஸில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன் வேலை. 2022 ஜனவரியில், 32 வயதில், பகுதிநேரமாகக் கணிதப் பட்டப்படிப்பில் சேர்ந்தேன். வாரத்தில் இரண்டு நாள் இரவு 7 மணியிலிருந்து 10 மணி வரை வகுப்பு. உயர்நிலைப் பள்ளியில் ஏ மேத்ஸ் என்ற கூடுதல் கணிதத்தில் ஏ1, அதாவது உச்சத் தரம், வாங்கியவன் என்ற தைரியத்தில்தான் சேர்ந்தேன்.

அந்த ஏ1 எப்படி வந்தது என்பது இங்கே பள்ளிக்குப் போன எல்லாருக்கும் தெரியும். டென் இயர் சீரிஸ். பத்து ஆண்டு வினாத்தாள்களைப் போட்டுப் போட்டுத் தேய்த்தால் பதினோராவது தாளில் வரும் கேள்வி பழக்கப்பட்ட முகமாக வந்து நிற்கும். அந்த முறைக்கு மணிக்கணக்கு சரியான அளவுகோல்தான். கூட உட்கார்ந்தால் கூட மதிப்பெண் வரும். அனாலிசிஸ் பாடத்தில் அது நடக்கவில்லை. அங்கே கேட்பது விடையை அல்ல, நிரூபணத்தை. ஒரு வரையறையில் ஒரு சொல் புரியாவிட்டால், அதற்கு மேல் ஐந்து மணி நேரம் உட்கார்ந்தாலும் புரியாத அதே சொல்லைச் சுற்றித்தான் உட்கார்ந்திருப்போம்.

என் வகுப்பில் இன்னொரு தமிழர் இருந்தார். திருச்சிப் பக்கத்திலிருந்து வந்து பல ஆண்டுகளாக இங்கே தாதியாக வேலை பார்க்கும் ஒரு அக்கா. இடைத்தேர்வு முடிவு வந்த அன்று வகுப்பு முடிந்ததும் காப்பிக்கடையில் உட்கார்ந்து புலம்பினேன். "அக்கா, வாரத்துக்குப் பத்து மணி நேரம் படிக்கிறேன். இதுக்கு மேல எங்கேருந்து நேரம் எடுக்கிறது?"

அவர் தே ஓவை ஆற்றிக்கொண்டே கேட்டார். "தம்பி, எத்தனை மணி நேரம் படிச்சீங்கன்னு நான் கேக்கல. எந்த வரியில நின்னீங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "மூணாவது அத்தியாயம்" என்றேன். "அத்தியாயம் இல்ல, வரி" என்றார். நோயாளியின் குறிப்பேட்டில் 'உடம்பு சரியில்லை' என்று எழுதி வைத்தால் அடுத்த ஷிஃப்டில் வருகிறவர் என்ன செய்வார் என்று அவர் கேட்டது அப்படியே மனதில் தங்கிவிட்டது. எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எப்படிப்பட்ட வலி என்று எழுதினால்தான் அடுத்தவர் அங்கிருந்து தொடர முடியும். என் விஷயத்தில் அந்த அடுத்தவரும் நானேதான். மறுநாள் வேலை முடிந்து களைப்போடு வந்து உட்காரும் நான்.

அந்த வாரமே இரண்டாவது நோட்டு வாங்கினேன். இந்த முறை மணி நேரம் எதையும் எழுதவில்லை. இடப்பக்கத்தில் தேதி, அன்று நான் நின்ற வரி, ஏன் நின்றேன் என்று மூன்று நான்கு வாக்கியம், அவ்வளவுதான். வலப்பக்கத்தை வெறுமையாக விட்டுவிடுவேன். என்றைக்கு அந்த இடம் புரிகிறதோ அன்றைக்கு, எப்படிப் புரிந்தது என்பதை அங்கே தேதியோடு எழுதுவேன். எல்லாப் பக்கத்துக்கும் எண் போட்டேன். கடைசிப் பக்கத்தில், இன்னும் தீராத பக்கங்களின் எண்களை மட்டும் வரிசையாக எழுதி, தீர்ந்ததை ஒவ்வொன்றாக அடித்தேன். இந்தக் கடைசிப் பக்கம்தான் முழு நோட்டிலும் எனக்கு அதிகம் உதவிய பக்கம். எதைப் படிப்பது என்ற யோசனையில் அரை மணி நேரம் போவது அதோடு நின்றது.

எழுதுவது பெரும்பாலும் ரயிலில். துவாஸ் கிரசென்டில் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். ஜூரோங் ஈஸ்ட் வருவதற்குள் அன்றைய குறிப்பை முடித்துவிடலாம். கைப்பேசியை எடுப்பதற்கு முன்னால் எழுதிவிட வேண்டும் என்று ஒரு விதி வைத்துக்கொண்டேன். எடுத்த பிறகு எழுதியதாக ஒரு நாளும் எனக்கு நினைவில்லை.

நான் எதிர்பார்க்காத ஒன்று இந்த நோட்டில் நடந்தது. எனக்குக் கணக்கு என்றால் ஆங்கிலம்தான். தொடக்கநிலையிலிருந்து தமிழ் என்பது தாய்மொழிப் பாடம், அதோடு சரி. எண்களை வரிசையும் நிரலுமாக அடுக்கும் 'மேட்ரிக்ஸ்' என்பதற்குத் தமிழில் 'அணி' என்று ஒரு சொல் இருப்பதே அக்கா சொல்லித்தான் தெரியும். அவர் பிளஸ் டூ வரைக்கும் தமிழ்வழியில் படித்தவர். ஆனால் ரயிலில் அவசரமாக, எனக்கு மட்டும் புரிந்தால் போதும் என்று எழுதும்போது, தானாகவே தமிழ் கலந்து வந்தது. பாடப்புத்தகத்து வாக்கியத்தை அப்படியே நகலெடுக்க முடியாமல் போனது பெரிய நன்மை. புரியாத வாக்கியத்தை ஆங்கிலத்தில் நகலெடுத்துவிட்டுப் புரிந்ததாக நினைத்துக்கொள்ளலாம். புரியாததைத் தமிழில் சொல்ல முயன்றால் பாதியிலேயே வாய் கட்டிக்கொள்ளும். கட்டிக்கொள்ளும் அந்த இடம்தான் நான் நின்ற வரி.

ஒரு பக்கத்தை அப்படியே காட்டுகிறேன். தொடர்ச்சி, சீரான தொடர்ச்சி என்று இரண்டு வரையறைகள். ஆங்கிலத்தில் இரண்டும் ஏறக்குறைய அதே சொற்கள்தான், வரிசைதான் மாறும். எத்தனை தடவை படித்தும் இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. இடைத்தேர்வில் அங்கேதான் 15 மதிப்பெண் போனது. சார்பின் மதிப்பு எவ்வளவு மாறலாம் என்ற வரம்பு எப்சிலான், அதற்குள் நிற்கப் புள்ளி எவ்வளவு நகரலாம் என்ற வரம்பு டெல்டா. ஒரு மாலை ரயிலில் இப்படி எழுதினேன்.

"எதிராளி ஒரு எப்சிலான் கொடுக்கிறான். நான் டெல்டா கொடுக்க வேண்டும். தொடர்ச்சி என்றால்: ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு டெல்டா. சீரான தொடர்ச்சி என்றால்: எல்லாப் புள்ளிக்கும் ஒரே டெல்டா."

எழுதிவிட்டுப் பார்த்தால் வித்தியாசம் முழுவதும் 'ஒரு', 'ஒரே' என்ற இரண்டு சொல்லுக்கு நடுவில் இருந்தது. பேச்சில் நாள் முழுக்கப் பயன்படுத்துகிற சொற்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சட்டை எடுப்பதற்கும் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே சட்டை எடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை யாராவது எனக்குச் சொல்லித்தர வேண்டுமா?

அப்புறம் எண்களைப் போட்டுப் பார்த்தேன். எக்ஸின் வர்க்கத்தை எடுத்துக்கொண்டு, எப்சிலான் 1 என்று வைத்தேன். 1 என்ற புள்ளியில் டெல்டா 0.41 வரை தாங்குகிறது. 10-இல் ஏறக்குறைய 0.05 தான். 100-இல் 0.005. எவ்வளவு தூரம் போகிறோமோ அவ்வளவுக்கு டெல்டா சிறுத்துக்கொண்டே போகிறது. முழு எண்கோட்டுக்கும் பொதுவாக ஒரு டெல்டா கொடுக்கவே முடியாது. ஆனால் 0 முதல் 100 வரை மட்டும் என்றால் 0.005 எல்லாப் புள்ளிக்கும் போதும். இதை எழுதி முடித்தபோது ஜூரோங் ஈஸ்ட் தாண்டி இரண்டு நிலையம் போயிருந்தது. பக்கத்தின் அடியில் ஒரு கேள்வியும் எழுதி வைத்தேன்: "எல்லாப் புள்ளிக்கும் ஒரே டெல்டா எப்போது கிடைக்கும்? இரு முனைகளும் அடங்கிய மூடிய இடைவெளியில் கிடைக்கும் என்று தேற்றம் சொல்கிறது. ஏன்?" பக்கம் 23, 2023 பிப்ரவரி 9. அப்போது அதே பாடத்தை இரண்டாம் முறை எடுத்துக்கொண்டிருந்தேன். முதல் முறை இறுதித்தேர்விலும் தேறவில்லை. நோட்டை மாற்றிய ஆறே வாரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய்.

அணிகள் வரும் பாடமான லீனியர் அல்ஜீப்ராவில் நோட்டு வேறு விதமாக உதவியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜூரோங் வட்டார நூலகத்துக்குப் போய், அந்த வாரக் குறிப்புகளையும் திருத்தி வந்த பயிற்சித் தாள்களையும் சேர்த்துப் படிப்பேன். தப்பான ஒவ்வொரு கணக்குக்கும் ஏன் தப்பு என்று ஒரு சொல்லில் எழுதும் வழக்கம். பெரும்பாலும் நான் எழுதியது 'கேர்லெஸ்'. நம் ஊரில் பிள்ளைகள் முதல் பெற்றோர் வரை எல்லாரும் சொல்கிற சொல். எல்லாம் தெரியும், கவனம்தான் பிசகிவிட்டது என்று ஆறுதல் தருகிற சொல்.

ஆறு வாரத்தில் நான்கு தடவை ஒரே 'கேர்லெஸ்' வந்திருப்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன். நான்கிலும் நான் செய்திருந்தது இதுதான்: (ஏ + பி)² = ஏ² + 2ஏபி + பி². எண்களுக்கு இது சரி. அணிகளுக்குச் சரியில்லை. அங்கே ஏபி வேறு, பிஏ வேறு. ஆகவே ஏ² + ஏபி + பிஏ + பி² என்றுதான் எழுத வேண்டும். இது எனக்குத் தெரியும், கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஆனால் கை நம்பவில்லை. கவனம் பிசகினால் நான்கு வேறு இடத்தில் தடுக்கியிருப்பேன். ஒரே கல்லில் நான்கு தடவை தடுக்கினால் அது புரிதலில் உள்ள ஓட்டை.

அன்றைக்கே ஒரு ரசீதை எடுத்து மேல் இடது மூலையைக் கிழித்தேன். மேசையில் வைத்து இடப்புறமாகக் கால் வட்டம் சுழற்றினேன், கிழிந்த மூலை கீழ் இடதுக்கு வந்தது. புத்தகப் பக்கத்தைப் புரட்டுவதுபோல் திருப்பினேன், கீழ் வலதுக்குப் போனது. மறுபடி முதலிலிருந்து: முன்னால் திருப்பி, பின்னால் சுழற்றினேன். இப்போது கிழிந்த மூலை மேல் இடதில் இருந்தது. அதே இரண்டு செயல், வரிசை மட்டும் வேறு, மூலை நேர் எதிரில். ஒவ்வொரு அணியும் இப்படி ஒரு செயல்தான், அணிப் பெருக்கல் என்பது ஒன்றின் பின் ஒன்றாகச் செய்வது. ரசீதை அந்தப் பக்கத்திலேயே ஒட்டி வைத்தேன். அதற்குப் பிறகு அந்தத் தப்பு என் தாளில் வரவில்லை. 'கேர்லெஸ்' என்ற சொல்லை எழுதுவதையும் நிறுத்திவிட்டேன். இப்போது தப்பான வரியை எழுதி, அந்த நேரத்தில் எதைச் சரி என்று நம்பினேன் என்று எழுதுகிறேன்.

தொடக்கநிலையில் கணக்குக்குப் பட்டை பட்டையாகப் படம் வரைந்தது நினைவிருக்கிறதா? 1980களில் கல்வி அமைச்சு கொண்டுவந்த மாதிரி முறை. அலிக்கு இத்தனை கோலிக்குண்டு, மீனாவுக்கு அதைப்போல் மூன்று மடங்கு என்று கட்டம் வரைந்து பழகிய தலைமுறை நாங்கள். பல்கலைக்கழகத்துக்கு வந்ததும் படம் வரைவது சின்னப் பிள்ளை வேலை என்று நானே விட்டுவிட்டேன். அந்த ரசீதுக்குப் பிறகு மறுபடி வரைய ஆரம்பித்தேன். என் நோட்டில் இப்போது பாதி இடம் படங்களுக்குத்தான்.

பேனாவால் எழுதுங்கள் என்று யார் கேட்டாலும் சொல்வேன். நடுவில் இரண்டு மாதம் டேப்லெட்டில் எழுதிப் பார்த்தேன். அழகாக இருந்தது. ஆனால் தப்பு என்று தெரிந்த உடனே கை தானாக அழித்துவிடும். வாரக் கடைசியில் திறந்தால் சரியான விடைகள் மட்டும் வரிசையாக நிற்கும், வந்த வழி காணாமல் போயிருக்கும். ராமானுஜன் கும்பகோணத்திலும் சென்னையிலும் இருந்த நாட்களில் காகிதம் வாங்க வசதியில்லாமல் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்துவிட்டு, முடிவை மட்டும் நோட்டில் குறித்துக்கொண்டார். அந்த நோட்டுகளில் இருந்தவற்றுக்கு நிரூபணம் தேடிக் கொடுக்க புரூஸ் பெர்ன்ட் என்ற அமெரிக்கக் கணித அறிஞருக்குப் பல ஆண்டு உழைப்பு தேவைப்பட்டது. 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகளாக அவை வெளிவந்தன. மேதைக்கு முடிவு மட்டும் போதுமானதாக இருந்திருக்கலாம். என்னைப் போன்றவனுக்கு வந்த வழிதான் முக்கியம். ஆகவே பேனா. தப்பை ஒரே கோட்டால் அடிப்பேன், அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும்.

இதோடு இன்னொன்று. சுருக்கமாக எழுதலாம், பூடகமாக எழுதக்கூடாது. ஜெர்மன் கணித மேதை காஸ் 1796 முதல் 1814 வரை ஒரு கணக்கு நாட்குறிப்பு வைத்திருந்தார். மொத்தமே 146 குறிப்புகள்தான், பலவும் ஓரிரு வரிகள். 18 வயதில் எழுதிய முதல் குறிப்பு, பதினேழு பக்கச் சீர்பலகோணத்தைக் காம்பஸும் அளவுகோலும் மட்டும் கொண்டு வரையலாம் என்பது. ஆனால் சில குறிப்புகள் அவருக்கு மட்டும் விளங்குகிற சங்கேதமாக இருந்ததால் பின்னால் வந்த அறிஞர்கள் திணறினார்கள். என் நோட்டிலும் அப்படி ஒன்று உண்டு. பக்கம் 41-இல், "பழைய வழிதான், போன தடவை மாதிரி" என்று எழுதியிருக்கிறேன். எந்தப் பழைய வழி? மூன்று மாதம் கழித்துத் தேர்வுக்கு முந்தின இரவு அந்த வரியைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். அதிலிருந்து 'அது', 'இது', 'அதே மாதிரி' என்று எழுத நேர்ந்தால் பக்க எண்ணும் சேர்த்து எழுதுகிறேன்.

களைப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். நான் செய்ததிலேயே எளிதானது இது, பலனும் உடனே தெரிந்தது. 12 மணி நேர ஷிஃப்ட் முடிந்த நாளில் பக்கத்தின் மூலையில் ஒரு சின்ன வட்டம் போடுவேன். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது, வட்டம் போட்ட நாட்களில் தொடங்கிய நிரூபணங்கள் அநேகமாக எதுவும் உருப்படவில்லை. அதே நாட்களில் செய்த அணிச் சுருக்கம், தொகையீடு போன்ற கைவேலைகள் நன்றாகவே போயிருந்தன. ஷிஃப்ட் நாளில் கைவேலை, ஓய்வு நாள் காலையில் நிரூபணம் என்று மாற்றிக்கொண்டேன். படிக்கும் நேரம் கூடவில்லை, குறைந்ததுதான். புலம்பலும் சேர்ந்து குறைந்தது.

2023-இன் பிற்பாதியில் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் அலைந்தபோது ஐந்து வாரம் நோட்டைத் தொடவே இல்லை. திரும்பி வந்தபோது விட்டுப்போன வாரங்களை எழுதி நிரப்ப வேண்டும் என்று முதலில் தோன்றியது. அப்படி நிரப்ப முயன்ற ஒருவர் நோட்டையே விட்டுவிட்டதைப் பார்த்திருக்கிறேன். ஒரு கோடு போட்டு, தேதி எழுதி, அன்றைய வரியிலிருந்து தொடங்கினேன்.

விரிவுரையாளரிடம் கேட்கும் முறையும் மாறியது. முன்பெல்லாம் "இந்தத் தேற்றம் புரியவில்லை" என்று மின்னஞ்சல் அனுப்புவேன், பக்கம் பக்கமாகப் பதில் வரும், அதுவும் புரியாது. இப்போது நோட்டைப் பார்த்து, "நிரூபணத்தின் நான்காவது வரியில் என் எப்சிலான் திடீரென்று மூன்றில் ஒன்றாகிறது. அது ஏன் முன்கூட்டியே தெரிய வேண்டும்?" என்று கேட்கிறேன். மூன்று துண்டாகக் கூட்டும்போது மொத்தம் ஒரு எப்சிலான் ஆக வேண்டும் என்பதற்காகத்தான், கடைசியிலிருந்து முன்னோக்கி யோசித்துப் பார் என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அந்த இரண்டு வரி வலப்பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது.

இரண்டாம் முறை எடுத்த அனாலிசிஸில் பி வந்தது. எனக்கு அதைவிட நிறைவு தருவது வேறொரு கணக்கு. இடப்பக்கத் தேதிக்கும் வலப்பக்கத் தேதிக்கும் இடையில் எத்தனை நாள் என்று ஒவ்வொரு நோட்டு முடியும்போதும் பார்ப்பேன். இரண்டாவது நோட்டில் சராசரியாக 11 நாள், நான்காவது நோட்டில் 4 நாள். நிற்பது குறையவில்லை. பாடம் கடினமாகக் கடினமாக நிற்கும் இடங்கள் கூடத்தான் செய்தன. நின்ற இடத்திலிருந்து கிளம்புவதுதான் வேகமாகியிருக்கிறது.

2024 ஏப்ரலில், டோபாலஜி வகுப்பு. முடிவில்லாத எண்ணிக்கையில் திறந்த கணங்கள் (ஓபன் செட், ஓரப் புள்ளிகள் சேராதவை) ஒரு கணத்தைப் போர்த்தியிருந்தால், அவற்றில் முடிவுள்ள எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டாலும் போர்த்த முடிகிறதா என்று பார்க்கும் பகுதி. எதற்கு இந்த 'முடிவுள்ள எண்ணிக்கை' என்று ரயிலில் எழுதத் தொடங்கினேன். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு டெல்டா இருக்கிறது, முடிவில்லாமல் டெல்டாக்கள் இருந்தால் சிறியதைத் தேடிக்கொண்டே போய்ப் பூஜ்யத்தில் நிற்க வேண்டி வரலாம், முடிவுள்ள எண்ணிக்கை என்றால் அதில் சிறியது என்று ஒன்று நிச்சயம் உண்டு, அது பூஜ்யமும் அல்ல... என்று எழுதும்போதே கை நின்றது. வீட்டுக்குப் போய் இரண்டாவது நோட்டை எடுத்தேன். பக்கம் 23. "எல்லாப் புள்ளிக்கும் ஒரே டெல்டா எப்போது கிடைக்கும்?" வலப்பக்கம் 14 மாதமாக வெறுமையாகக் கிடந்தது.

எழுதினேன். 'ஒரு' என்பதை 'ஒரே' ஆக்குவது அந்த முடிவுள்ள எண்ணிக்கைதான் என்று எழுதி, தேதி போட்டு, கடைசிப் பக்கத்தில் 23-ஐ அடித்தேன். அக்காவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். இரவு ஷிஃப்டில் இருந்திருப்பார் போல, அதிகாலை நாலரைக்குப் பதில் வந்தது. "சரி தம்பி. ஆனா நிரூபணத்துல டெல்டாவைப் பாதியாக்கறாங்களே, அது ஏன்?"

அதை யோசித்திருக்கவே இல்லை. புது நோட்டில், பக்கம் 9, இடப்பக்கம்: "ஏன் பாதி?"